சுவர் எழுப்ப முடியாத திசை

2019 அக்டோபர் கடைசியில் டிஜேஐ என்ற சீன நிறுவனம் ‘மேவிக் மினி’யைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நான்கு விசிறிகள், ஒரு கேமரா, அரை மணி நேரம் தாங்கும் பேட்டரி எல்லாம் சேர்ந்து எடை 249 கிராம். நடுத்தர மாம்பழம் ஒன்றின் எடைதான். அடுத்தடுத்து வந்த மினி வரிசையில் கேமரா 4கே தரத்துக்கு உயர்ந்தது. குறுக்கே வரும் மரத்தையும் சுவரையும் தானே கண்டு விலகும் உணரிகள் சேர்ந்தன. எடை மட்டும் 249இலேயே நின்றது. பல நாடுகளின் ட்ரோன் கட்டுப்பாடுகள் 250 கிராமில் தொடங்குகின்றன. அந்த வாசலுக்கு ஒரு கிராம் இப்பால் நிற்கும்படி பொறியாளர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள்.

இந்த 250 எங்கிருந்து வந்தது? 2015இல் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, எந்த எடையிலிருந்து ட்ரோன்களைப் பதிவு செய்யச் சொல்லலாம் என்று ஆராய ஒரு பணிக்குழுவை அமைத்தது. வானிலிருந்து விழும் ட்ரோன் ஒருவர் தலையில் பட்டால் உயிர் போகுமா என்பதைத்தான் குழு முதலில் பார்த்தது. 80 ஜூல் ஆற்றலோடு ஒரு பொருள் தலையில் மோதினால் நூற்றுக்கு முப்பது பேர் இறக்கக்கூடும் என்ற கணிப்பை எடுத்துக்கொண்டது. காற்றின் தடையைத் தாண்டி ஒரு சிறிய ட்ரோன் நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் விழும் என்று கொண்டால், அந்த ஆற்றலைத் தரும் எடை ஏறக்குறைய 250 கிராம்.

இன்னொரு எண் 400 அடி. அதற்கு வயது கூடுதல். பொழுதுபோக்குக்காக மாதிரி விமானம் பறக்கவிடுகிறவர்களுக்காக எஃப்ஏஏ 1981இல் வெளியிட்ட அறிவுரைச் சுற்றறிக்கையில் அது இருக்கிறது. ஆள் ஏறிய விமானங்கள் பொதுவாக 500 அடிக்குக் கீழே இறங்குவதில்லை. நூறு அடி இடைவெளி விட்டு விளையாடுங்கள் என்பதுதான் பொருள். இந்த இரண்டு எண்களும் இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளிலும் முக்கியமான எல்லைக்கோடுகள்.

மண்டையையும் விமானத்தையும் காக்கப் பிறந்த எண்கள் இவை. அந்த வேலையை ஒழுங்காகவே செய்கின்றன. ஆனால் மொட்டை மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் தலைக்கு மேலே கேமரா ஒன்று வந்து நின்றால், அவள் மனத்தில் எழுவது எடையோ உயரமோ இல்லை. யார் பார்க்கிறார்கள்? எதை எடுக்கிறார்கள்? எடுத்ததை என்ன செய்யப்போகிறார்கள்? குடியிருப்புத் தெருக்களில் எழும் ட்ரோன் சண்டைகளை எந்த நாட்டில் எடுத்துப் பார்த்தாலும் இந்த மூன்று கேள்விகள்தான் அடியில் கிடக்கின்றன. சட்டமோ கிராமிலும் அடியிலும் பதில் சொல்கிறது.

2015 ஜூலை 26, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் நகருக்குத் தெற்கே இருக்கும் ஹில்வியூ என்ற சிற்றூரில், ஒருவர் தம் வீட்டுக்கு மேலே பறந்த ட்ரோனைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். பின்புறத் தோட்டத்தில் தம் மகள்கள் இருந்தார்கள், ட்ரோன் அங்கே தாழ வந்து நின்றது என்றார் அவர். நண்பரின் வீட்டைப் படமெடுக்கத்தான் பறக்கவிட்டேன், அது 200 அடிக்கு மேல்தான் இருந்தது என்றார் ட்ரோன்காரர். பறப்புப் பதிவையும் காட்டினார். சுட்டவர் கைதானார். அக்டோபரில் உள்ளூர் நீதிபதி, அவருக்குச் சுட உரிமை இருந்தது என்று சொல்லி வழக்கைத் தள்ளினார். ட்ரோன்காரர் விடவில்லை. 2016 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனார். 1,500 டாலர் இழப்பீட்டோடு ஓர் அடிப்படை விளக்கத்தையும் கேட்டார்: தனியார் வீட்டுக்கு மேலே பறக்கும் ட்ரோன் நாட்டின் வான்வெளியில் செல்லும் விமானமா, அடுத்தவர் நிலத்துக்குள் நுழைந்த அத்துமீறலா? 2017 மார்ச்சில் நீதிமன்றம், இது கூட்டரசு நீதிமன்றம் விசாரிக்க வேண்டிய வழக்கே இல்லை, மாநில நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று தள்ளுபடி செய்தது. கேள்வி அப்படியே நின்றுபோனது.

ஒரு குடியிருப்புத் தெருவில் வானை நோக்கிச் சுடுவது பேராபத்து. எந்த நியாயமும் அதை மூடி மறைக்க முடியாது. ட்ரோனும் விமானம்தான் என்பது எஃப்ஏஏயின் நிலைப்பாடு. அந்நாட்டுச் சட்டப்படி விமானத்தைச் சுடுவது கடுங்குற்றம். ஆனாலும் அன்று அந்தத் தகப்பனுக்குச் சட்டம் கையில் கொடுத்திருந்த வேறு வழி என்ன என்று தேடினால் அதிகம் எதுவும் கிடைப்பதில்லை. தனியுரிமையைக் காக்கவும் விதி வகுக்க வேண்டும் என்று நூற்றுக்கு மேற்பட்ட அமைப்புகளும் வல்லுநர்களும் எஃப்ஏஏயிடம் 2012இல் மனுக் கொடுத்திருந்தார்கள். 2014இல் அது நிராகரிக்கப்பட்டது. தன் வேலை வான்பாதுகாப்பு, பார்வையை அளப்பது தன் வேலை இல்லை என்பதுதான் அந்த நிர்வாகத்தின் போக்கு.

உயரத்தைப் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பெரிய தீர்ப்பு ஒரு கோழிப்பண்ணையிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலம். வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ அருகே காஸ்பி குடும்பத்துக்கு மூன்று ஏக்கருக்கும் குறைவான நிலம். பக்கத்து விமான நிலையத்தை ராணுவம் எடுத்துக்கொண்டது. குண்டுவீச்சு விமானங்கள் நிலத்துக்கு 83 அடி உயரத்தில் இறங்கின. வீட்டுக் கூரைக்கும் விமானத்துக்கும் இடையே 67 அடி. இரவில் விளக்கொளி வீட்டுக்குள் பாய்ந்தது. மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. 150 வரை செத்ததாகத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. குடும்பத்துக்குத் தூக்கம் போனது, தொழிலும் போனது. 1946இல் நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதிய தீர்ப்பு, நிலத்தின் சொந்தக்காரருக்கு வானம் முழுவதும் சொந்தம் என்ற பழைய கோட்பாட்டை இந்தக் காலத்துக்கு ஒவ்வாதது என்று ஒதுக்கியது. அதே மூச்சில், நிலத்தை அனுபவிக்கத் தேவையான அளவு வானம் அவருக்கு உரியது என்றும் சொன்னது. அந்த அளவு எத்தனை அடி என்று சொல்லவில்லை. ஹில்வியூ வழக்கில் இரு தரப்பும் தேடியது அந்த எண்ணைத்தான்.

எண் கிடைத்திருந்தால் மட்டும் தீர்ந்திருக்குமா? கேமராவின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது.

மேவிக் மினியின் லென்ஸ் 24 மில்லிமீட்டர் அகலக்கோண வகைக்குச் சமம். 120 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது 400 அடியிலிருந்து, நேர் கீழே பார்த்தால் ஒரு படத்துக்குள் 180 மீட்டர் அகலத் தரை அடங்கும். படத்தின் அகலத்தில் 4,000 புள்ளிகள். ஆக ஒரு புள்ளி நாலரை சென்டிமீட்டர். மனித முகம் மூன்று நான்கு புள்ளிகளில் கரைந்துவிடும். மாடியில் சிவப்புச் சேலை கட்டிய ஒருவர் நிற்கிறார் என்பது தெரியும், யார் என்பது தெரியாது. 30 மீட்டருக்கு இறங்கினால் ஒரு புள்ளி ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். தெரிந்தவர்களை அடையாளம் காண வழி பிறக்கும். சரி, உயரம் கூடினால் பாதுகாப்பு என்று முடிவு கட்டலாமா? 2021இல் அதே நிறுவனம் வெளியிட்ட மேவிக் 3இல் 162 மில்லிமீட்டருக்குச் சமமான தொலைநோக்கு லென்ஸ் ஒன்றும் இருந்தது. அதைக்கொண்டு 120 மீட்டரிலிருந்து பார்த்தால் படத்துக்குள் அடங்குவது 27 மீட்டர் அகலம்தான். ஒரு புள்ளி 7 மில்லிமீட்டர். 30 மீட்டரில் பறக்கும் சின்ன ட்ரோனைவிட 120 மீட்டரில் பறக்கும் இந்த ட்ரோன் நுணுக்கமாகப் பார்க்கிறது.

கீழே நிற்பவருக்கு இது எதுவுமே தெரியாது. என்ன லென்ஸ், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பதிவு ஓடுகிறதா என்று ஒன்றும் தெரியாமல் அண்ணாந்து நிற்க வேண்டியதுதான். பல புகார்களில் ட்ரோன்காரர் உண்மையிலேயே தூரத்து ஏரியையோ கோபுரத்தையோதான் எடுத்திருப்பார். அவர் சொல்வதை நம்ப அண்டை வீட்டாருக்கு எந்த ஆதாரமும் இல்லை. தெருவில் பகை மூளுவது இந்த இடத்தில்தான்.

அண்டை வீட்டுப் பார்வை பற்றிய வழக்கு இந்தியாவுக்குப் புதிது என்று எண்ண வேண்டாம். ட்ரோனுக்கு வெகு முன்னால் இங்கே சாளர வழக்குகள் இருந்தன.

1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. அதன் 18ஆம் பிரிவு வழக்காற்று உரிமைகளைப் பற்றியது. அந்தப் பிரிவை விளக்கச் சட்டத்தை எழுதியவர்கள் கொடுத்த எடுத்துக்காட்டு ஒன்று வியப்பூட்டும். ஓர் ஊரில், பக்கத்து வீட்டாரின் அந்தரங்கத்தைப் பெரிதும் குலைக்கும்படி யாரும் புதுச் சாளரம் திறக்கக் கூடாது என்ற வழக்காறு இருக்கிறது. அங்கே ஒருவர் வீடு கட்டினால், வெளியார் கண்ணுக்குப் பொதுவாகப் படாதபடி வைத்திருக்கும் வீட்டுப் பகுதிகளைப் பார்க்கும் வகையில் அண்டை வீட்டார் சாளரம் திறக்காமலிருக்கக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. சாளரம் எத்தனை அடி உயரம், எவ்வளவு அகலம் என்பதெல்லாம் இங்கே பேச்சே இல்லை. எந்த இடத்தைப் பார்க்கிறது, அந்த இடம் வழக்கமாகக் கண்மறைவாக இருப்பதா? அளவுகோல் அவ்வளவே.

வட இந்தியாவில் இந்த உரிமை நீதிமன்றத்திலும் நின்றது. 1888இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஜான் எட்ஜ் காலத்தில் வந்த ஒரு வழக்கு, பெண்கள் புழங்கும் பகுதியைப் பார்க்கும்படி அண்டை வீட்டார் கட்டிய தாழ்வாரம் பற்றியது. அந்தரங்கம் காக்கும் வழக்காறு அப்பகுதியில் உண்டு, அதைக் குலைத்தால் வழக்குத் தொடரலாம் என்று நீதிமன்றம் ஏற்றது. தெற்கே கதை வேறாக இருந்தது. வசதியுரிமைச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. இருந்தும் சென்னை உயர் நீதிமன்றம் 19ஆம் நூற்றாண்டு வழக்குகளில் அப்படியொரு பொது உரிமையை ஏற்கவில்லை. ஆங்கிலேயச் சட்டத்தின் வழி அதற்குப் பிடித்திருந்தது: பார்ப்பது குற்றமாகாது, வேண்டாம் என்றால் உங்கள் நிலத்தில் சுவரை உயர்த்திக்கொள்ளுங்கள்.

சுவரை உயர்த்திக்கொள் என்ற பதில் நூறாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தது. நம் வீடுகளே அதற்குச் சாட்சி. தெருப் பக்கம் திண்ணை, உள்ளே முற்றம். யார் எதுவரை பார்க்கலாம் என்பதைச் சுவர்களே சொல்லிவிடும். முற்றம் போய் மாடி வீடு வந்தபோது முற்றத்தின் வேலைகள் மொட்டை மாடிக்கு ஏறின. துணி உலர்த்துவது, மிளகாய் காயவைப்பது, கோடையில் பாய் விரித்துப் படுப்பது, பெண்கள் தலை உலர்த்திக்கொண்டு பேசியிருப்பது, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை நடந்துகொண்டே மனப்பாடம் செய்வது எல்லாம் அங்கேதான். வானத்துக்குத் திறந்திருந்தாலும் அது வீட்டின் உள்ளறைதான். பக்கத்து மாடிக்காரர் பார்ப்பார். அவர் முகம் நமக்கும் தெரியும், பார்வை நீண்டால் கேட்டுவிடலாம். மேலிருந்து வரும் முகமில்லாத பார்வைக்கு எந்தச் சுவரும் எட்டாது.

ஆங்கிலேயச் சட்டமே அந்தப் பழைய பதிலை விட்டு நகர்ந்துவிட்டது. 1977இல் பெர்ன்ஸ்டைன் பிரபு, தம் கென்ட் பண்ணையை விமானத்திலிருந்து படமெடுத்து விற்க முயன்ற நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டுத் தோற்றார். ஒரு முறை மேலே பறந்து படமெடுத்தது அத்துமீறலாகாது என்றது நீதிமன்றம். ஆனால் ஒருவர் வீட்டை வானிலிருந்து ஓயாமல் கண்காணித்து, ஒவ்வோர் அசைவையும் படமெடுத்தால் நீதிமன்றம் கைகட்டி நிற்காது என்றும் குறிப்பு வைத்தது. 2023 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு இன்னும் தூரம் போனது. லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் பத்தாம் மாடியில் பார்வை மாடம் ஒன்று. எதிரே நியோ பேங்க்சைடு என்ற கண்ணாடிச் சுவர் அடுக்ககம். ஆண்டுக்குப் பல லட்சம் பேர் மாடத்தில் நின்று எதிர் வீடுகளின் வரவேற்பறையைப் பார்த்தார்கள், படமெடுத்தார்கள். கீழ் நீதிமன்றம், திரைச்சீலை போட்டுக்கொள்ளலாமே என்றிருந்தது. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர் அதை மறுத்தார்கள். ஓயாமல் வெறிக்கும் பார்வையே அண்டை வீட்டாருக்கு இழைக்கும் தொல்லையாக முடியும். அதைத் தடுத்துக்கொள்ளும் பாரத்தைப் பாதிக்கப்பட்டவர் தலையில் கட்டக் கூடாது என்பது அவர்கள் முடிவு. தன் சுவரைத் தானே உயர்த்திக்கொள் என்ற கோட்பாட்டைப் பெற்றெடுத்த நாட்டிலிருந்து இந்தத் தீர்ப்பு வந்தது என்பதை நம் வழக்கறிஞர்கள் கவனிக்க வேண்டும்.

இந்திய விதிகளோ இதற்கு எதிர்த்திசையில் போயிருக்கின்றன. 2018இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வெளியிட்ட ஒழுங்குமுறை, யாருடைய தனியுரிமையும் குலையாமல் பார்த்துக்கொள்வது இயக்குபவரின் பொறுப்பு என்றது. 2021 மார்ச்சில் வந்த ஆளில்லா வான்கல விதிகளிலும், தனிநபரின் தனியுரிமையை உறுதிசெய்துகொண்டே படமெடுக்கலாம் என்ற நிபந்தனை இருந்தது. அந்த விதிகள் தொழில்முனைவோரின் கழுத்தை நெரிக்கின்றன என்ற குறை எழுந்தது. படிவங்கள் மட்டுமே 25. ஆகஸ்ட் 25 அன்று அவற்றை நீக்கிப் புதிய ட்ரோன் விதிகள் வந்தன. படிவங்கள் ஐந்தாகக் குறைந்தன. கட்டணங்கள் 72 வகையிலிருந்து நான்காகச் சுருங்கின. அபராத உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய் ஆனது. வயலில் மருந்து தெளிப்பவருக்கும் நில அளவையருக்கும் இது பெரும் விடுதலை. அதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் களையோடு சேர்த்துப் பயிரையும் பிடுங்கியதுபோல, தனியுரிமை நிபந்தனையும் போய்விட்டது.

இப்போதுள்ள ஏற்பாடு இதுதான். வரைபடத்தில் பச்சையாகக் காட்டிய பகுதிகளில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்கும் 12 கிலோமீட்டருக்கும் இடைப்பட்ட பகுதியில் அந்த உரிமை 200 அடி வரை. இன்னும் நெருங்கினால் மஞ்சள், பிறகு சிவப்பு. 250 கிராம் வரையுள்ள நானோ ட்ரோனை இயக்கச் சான்றிதழ் தேவையில்லை. 2 கிலோ வரையுள்ள மைக்ரோ வகைக்கும், வணிக நோக்கம் இல்லாவிட்டால் தேவையில்லை. கல்யாண வீட்டில் ‘ஹெலிகேம்’ பறக்கவிடும் படப்பிடிப்பாளர், ஒரு கிலோ ட்ரோனை எடுத்தால் சான்றிதழ் பெற்ற தொழிலாளி. 249 கிராமை எடுத்தால் யாரும் சான்றிதழ் கேட்கப்போவதில்லை. பந்தலை எடுக்கும் கேமராவுக்குள் பக்கத்து நான்கு மாடிகளும் விழும் என்பது இரண்டுக்கும் பொதுவாக இருக்க, விதி பிரிக்கும் கோடு மட்டும் எடையில் விழுகிறது.

அப்படிக் கேமராவுக்குள் விழுந்த ஒருவர் காவல் நிலையத்துக்குப் போனால் ஆய்வாளர் எந்தப் பிரிவைப் புரட்டுவார்? பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, பிறர் பார்வை படாது என்று நம்பும் சூழலில் அந்தரங்கச் செயலில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதையும் படமெடுப்பதையும் குற்றமாக்குகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவு உடலின் மறைவுறுப்புகளைப் படமெடுப்பது பற்றியது. இரண்டும் கொடுமையான குற்றங்களுக்கான நல்ல பிரிவுகள். ஆனால் மாடியில் துணி உலர்த்துவதும், தாத்தா பனியனோடு நாற்காலியில் சாய்ந்திருப்பதும், குழந்தைகள் தண்ணீர்த் தொட்டியில் விளையாடுவதும் இவற்றின் சொற்களுக்குள் அடங்குவது கடினம். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்தால், தனிப்பட்ட அல்லது வீட்டுத் தேவைக்காக ஒருவர் கையாளும் தரவுக்குச் சட்டமே பொருந்தாது என்கிறது. பொழுதுபோக்குக்குப் பறக்கவிட்டேன் என்று சொல்லிவிட்டால் அந்தக் கதவும் அடைபடும். 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தனியுரிமை அடிப்படை உரிமை என்று அறிவித்தது உண்மைதான். அடிப்படை உரிமை முதன்மையாக அரசை நோக்கியது. எதிர்வீட்டுக்காரரிடம் அதைக்கொண்டு நேராக வாதாட முடியாது. கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025இல், ஒரே வீட்டில் குடியிருக்கும் மற்றவரின் இசைவில்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் கண்காணிப்புக் கேமரா வைப்பது தனியுரிமையைக் குலைக்கும் என்றது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. ஒரு நூல் பிடிபட்டிருக்கிறது.

‘வீட்டுத் தேவை’ என்ற அதே விலக்கு ஐரோப்பாவிலும் உண்டு. 2014 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு செக் நாட்டுக் குடிமகனின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவர் வீட்டில் பொருத்திய கேமரா தெருவையும் எதிர்வீட்டு வாசலையும் சேர்த்துப் பார்த்தது. பொது இடத்தைப் பார்க்கும் கணமே அது வீட்டுத் தேவை என்ற எல்லையைத் தாண்டிவிட்டது என்றது நீதிமன்றம். அந்த வழியில்தான் ஐரோப்பிய ட்ரோன் விதிகளும் எழுந்தன. 2020 டிசம்பர் கடைசி முதல் அங்கே 250 கிராமுக்குக் கீழான ட்ரோனானாலும், ஆளை அடையாளம் காட்டும் தரவைப் பிடிக்கக்கூடிய கேமரா இருந்தால் இயக்குபவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். விளையாட்டுப் பொருளாகச் சான்று பெற்றவைக்கு மட்டும் விலக்கு. 249 கிராம் தந்திரம் இந்த வரியில் வந்து முட்டிக்கொள்கிறது. எடையோடு கண்ணையும் சேர்த்துப் பார்க்கும் இந்த ஒரு வரியைத்தான் இந்திய விதிகள் முதலில் கடன் வாங்க வேண்டும்.

அளவு மீறியும் போகலாம் என்பதற்கு சுவீடன் எடுத்துக்காட்டு. 2016 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நிர்வாக நீதிமன்றம், கேமரா ட்ரோன் என்பது கண்காணிப்புக் கேமராவே, உரிமம் இல்லாமல் பறக்கக் கூடாது என்றது. பத்திரிகையாளர்களும் சிறு தொழில்களும் ஒரே நாளில் தரையிறக்கப்பட்டார்கள். 2017 ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்தித்தான் மூச்சுவிட முடிந்தது.

பார்ப்பது அரசாக இருக்கும்போது கேள்வி இன்னும் கனக்கிறது. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது திருப்பூர் மாவட்டக் காவல் துறை பறக்கவிட்ட ட்ரோன், மரத்தடியில் கேரம் ஆடிக்கொண்டிருந்த இளைஞர்களைத் துரத்தியது. கேரம் பலகையாலேயே முகத்தை மறைத்துக்கொண்டு அவர்கள் ஓடினார்கள். திரைப்பட நகைச்சுவை வசனங்கள் சேர்த்த அந்தக் காணொளி நாடு முழுவதும் சுற்றியது, எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பலகையை இன்று நினைத்துப் பார்த்தால் நெஞ்சில் தைக்கிறது. நோய்க்காலத்தில் கூட்டத்தைக் கலைக்கப் பறந்தது சரி. படத்தைப் பொதுவில் விடலாமா, எத்தனை நாள் வைத்திருக்கலாம், யார் பார்க்கலாம் என்பதற்கு அந்த இளைஞர்களிடம் காட்ட ஒரு விதியும் இல்லை. அதே வசந்தத்தில் பாரிஸ் காவல் துறையும் ஊரடங்குக்காக ட்ரோன் பறக்கவிட்டது. இரண்டு உரிமை அமைப்புகள் வழக்குப் போட்டன. நாங்கள் 80 முதல் 100 மீட்டர் உயரத்தில்தான் பறக்கிறோம், யாரையும் அடையாளம் காண்பதில்லை என்றது காவல் துறை. மே 18 அன்று பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கருவியில் உருப்பெருக்கும் வசதி இருக்கிறது, அதற்குக் கீழேயும் இறங்க முடியும். முடியும் என்றாலே பாதுகாப்பு விதி வேண்டும் என்று சொல்லிப் பறப்பை நிறுத்தியது. மேலே போட்ட லென்ஸ் கணக்கும் இதைத்தான் காட்டியது. 2023 ஜூனில் சென்னைப் பெருநகரக் காவல் துறை அடையாற்றில் தனி ட்ரோன் பிரிவைத் தொடங்கியது. கடற்கரையில் அலையில் சிக்கியவரைக் கண்டுபிடிக்கவும் பெருங்கூட்டத்தில் வழி ஏற்படுத்தவும் அது பயன்படும். படங்களைக் கையாளும் விதிகளையும் சேர்த்துப் பொதுவில் வைத்தால் அந்தப் பயனுக்கு ஒரு குறைவும் வராது.

ட்ரோன்காரர்களுக்கும் ஒரு தரப்பு இருக்கிறது. அமெரிக்காவில் 2024 மார்ச் 16 முதல் பெரும்பாலான ட்ரோன்கள் பறக்கும்போதே தம் அடையாள எண்ணையும் இருப்பிடத்தையும், அதோடு இயக்குபவர் நிற்கும் இடத்தையும் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். கீழே இருப்பவர் கைப்பேசிச் செயலி ஒன்றில் அதைப் பார்க்கலாம். எங்கள் இருப்பிடத்தை ஊருக்குக் காட்டுவது எங்கள் தனியுரிமையைக் குலைக்காதா என்று பந்தய ட்ரோன் விற்கும் ஒரு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. திறந்தவெளியில் நின்று பறக்கவிடுபவரின் இருப்பிடம் அப்படியொன்றும் அந்தரங்கம் இல்லை என்று 2022இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் அவர்களின் அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஹில்வியூவில் துப்பாக்கி எடுத்தவர் போன்றவர்களிடம் இயக்குபவர் நிற்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பதில் ஆபத்து இருக்கிறது. முகமில்லாத பார்வைக்கு ஒரு முகவரியாவது கிடைக்கிறது என்பதே இதன் பலன். எதை எடுத்தார்கள் என்ற கேள்வி அப்போதும் நிற்கும். இந்தியாவில் இப்படி நிகழ்நேரத்தில் தடமறியும் கருவியை எதிர்காலத்தில் கட்டாயமாக்கலாம் என்று 2021 விதிகளில் ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்க மாநிலங்கள் சில, எண்ணைத் தேடுவதை விட்டுவிட்டு வேறு வழிகளில் இறங்கின. கலிபோர்னியா சட்டமன்றம் 2015இல் இரண்டு மசோதாக்களை நிறைவேற்றியது. ஒன்று, இசைவில்லாமல் தனியார் நிலத்துக்கு மேல் 350 அடிக்குக் கீழே பறந்தாலே அத்துமீறல் என்றது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அதைத் திருப்பி அனுப்பினார். தனிவாழ்வைப் படம்பிடிக்க அடுத்தவர் நிலத்தின் மேலுள்ள வானில் நுழைந்தால் அது அத்துமீறல் என்ற இன்னொன்றில் கையெழுத்திட்டார். முதலாவது உயரத்தைக் கேட்டது. இரண்டாவது நோக்கத்தைக் கேட்கிறது. ஓரிகன் மாநிலத்தின் வழி நம் தெருக்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கிறது. முதல் முறை பறந்ததற்கு வழக்கில்லை. வேண்டாம் என்று நிலக்காரர் சொன்ன பிறகும் அதே ஆள் மறுபடி பறக்கவிட்டால் வழக்குத் தொடரலாம். அண்டை வீட்டார் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள ஒரு வாய்ப்பை இந்தச் சட்டம் விட்டுவைக்கிறது.

பேசிவிட்டுப் பறப்பது இந்தியாவில் நடக்காத ஒன்றும் இல்லை. 2020 ஏப்ரலில் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களின் குடியிருப்புகளுக்கு மேல் ட்ரோன் பறந்திருக்கிறது. வீட்டுமனைகளை அளந்து உரிமை அட்டை கொடுப்பது அதன் நோக்கம். ட்ரோன் வருவதற்கு முன்பு கிராம சபையைக் கூட்டி, எதற்காக, என்றைக்குப் பறக்கும் என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு ஊர்க்காரர்கள் முன்னிலையில் ஒவ்வொரு வீட்டின் எல்லையிலும் சுண்ணாம்புக் கோடு போடப்படுகிறது. மேலிருந்து கேமரா பார்க்க வேண்டியது அந்த வெள்ளைக் கோடுகளை. ட்ரோன் எழும்போது கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிறவர்களுக்கு அது எதைப் பார்க்கிறது என்பது முன்பே தெரிந்திருக்கிறது.